மாதா படத்தைக் கழற்றினால்தான் சான்றிதழா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தலித் கிறிஸ்தவர்களுக்கு எஸ்.சி. தகுதி கேட்பது பற்றிய செய்திகளை விடாமல் படித்துவருகிறேன். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பாட்டி காலத்திலிருந்தே கத்தோலிக்கக் குடும்பம்.

கிறிஸ்தவர் என்று தெரிந்தால் எஸ்.சி. சான்றிதழ் கிடைக்காது என்பதால், எங்கள் காலனியில் சாதிச் சான்றிதழுக்கு மனு போட்டதும் பலர் சுவரில் இருக்கும் வேளாங்கண்ணி மாதா படத்தைக் கழற்றி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். விசாரிக்க வருகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை இவர்கள் எங்கே போகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். அதற்குப் பயந்தே பிள்ளைகளுக்குக் கோயிலில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர். நான் என் மகளுக்கு ஞானஸ்நானப் பெயரையே பள்ளியிலும் கொடுத்தேன். டி.சி.யிலும் கிறிஸ்தவர் என்றே இருக்கிறது. அதனால் அவள் பி.சி. ஆனாள், மதம் மாறி எத்தனை தலைமுறை ஆனாலும் தமிழ்நாட்டில் அதுதான் நிலை. கல்வி உதவித்தொகையை மாநில அரசு எங்களுக்கும் தருகிறது, நன்றி. ஆனால் எஸ்.சி. இட ஒதுக்கீடு கிடையாது, தனித்தொகுதியில் நிற்க முடியாது. சாதி சொல்லித் திட்டினால் வன்கொடுமைச் சட்டத்தில் புகார் கொடுக்கவும் வழியில்லை. திட்டுகிறவனோ எங்கள் மதத்தைக் கேட்டுவிட்டுத் திட்டுவதில்லை.

கிறிஸ்தவத்தில்தான் சாதி இல்லையே என்பார்கள். வேதத்தில் இல்லை, சரி. எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்கென்று தனிப் பங்கு, அதாவது தனிக் கோயில் நிர்வாகம், கேட்டதற்கு 2008-இல் மற்ற சாதிக் கத்தோலிக்கர்களோடு கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்களே, அது எந்தச் சாதி இல்லாத இடத்தில் நடந்தது? இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது. ஆயர்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

எஸ்.சி. யார் என்று சொல்லும் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையில், இந்துக்களுக்கு மட்டும்தான் அந்தத் தகுதி என்று முதலில் சொன்ன மூன்றாவது பத்திதான் எங்களை வெளியே நிறுத்துகிறது. 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், நியாயம்தான். எங்களையும் சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே பரிந்துரைத்தது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. இதே கேள்வியை ஆராய 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு அமைத்த கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்துக்கு முதலில் கொடுத்த அவகாசம் இரண்டு ஆண்டு. அப்புறம் அதை நீட்டித்தார்கள்.

இதற்கிடையே 2024 நவம்பரில், தேவாலயத்துக்குப் போய்க்கொண்டே எஸ்.சி. சான்றிதழ் கேட்பது அரசமைப்புச் சட்டத்தையே ஏமாற்றும் செயல் என்று புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படத்தைக் கழற்றி வைக்கிற என் தெருப் பெண்கள் ஏமாற்றுக்காரிகள் இல்லை. பிள்ளையின் படிப்புக்காக, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொல்கிறவர்கள். அவர்களை அந்த நிலைக்குத் தள்ளியது அந்த மூன்றாவது பத்தி.

ஒன்றிய அரசு அதை நீக்க வேண்டும். எங்கள் தொகுதி எம்.பி.க்கும் இதையே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி பணியாளர்,
விழுப்புரம் மாவட்டம்