சட்டை உரிக்கும் பாம்பு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வளர்க்கும் கார்ன் ஸ்நேக் வகைப் பாம்பின் கண்கள் திடீரென்று வெளுத்துவிட்டன என்றும், இரையைச் சீந்தாமல் மறைவிடத்திலேயே சுருண்டு கிடக்கிறது என்றும் எழுதியிருந்தாய். நோய் என்று அஞ்ச வேண்டாம்; சட்டை உரிக்கப்போகிறது. பழைய தோலுக்கும் அதன் அடியில் வளர்ந்துள்ள புதிய தோலுக்கும் நடுவே ஒரு திரவம் ஊறுவதால்தான் உடல் மங்கிப்போய், கண்ணும் நீலம் கலந்த வெண்மையாகத் தெரிகிறது. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியிருக்கும் தெளிவான செதிலும் சட்டையோடு சேர்ந்தே கழலும். பார்வை மங்கியிருக்கும் அந்த நாட்களில் சாதுவான பாம்புகூடச் சீறும் என்பதால், கையில் எடுப்பதையும் இரை வைப்பதையும் மகள் சற்று நிறுத்திவைக்கட்டும்.

சில நாட்களில் கண் தெளிந்துவிடும். எல்லாம் முடிந்தது என்று பலர் எண்ணுவது அப்போதுதான். ஆனால் கண் தெளிந்த பிறகே, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள், சட்டை கழலும். மூக்கைக் கல்லிலோ மரக்கட்டையிலோ உரசி, உதட்டோரம் தோலைப் பிரித்துக்கொண்டு, காலுறையை உட்புறம் வெளியே வரும்படி உருவுவதுபோல் அதிலிருந்து ஊர்ந்து வெளியேறிவிடும்.

நாம் கவனிக்க வேண்டியது பெட்டிக்குள் இருக்கும் காற்றைத்தான். குளிர்காலத்தில் வீட்டு ஹீட்டர் ஓடத் தொடங்கியதும் இங்கே டொராண்டோவில் காற்று காய்ந்துபோகிறது. சட்டை துண்டு துண்டாக உரிவதற்குப் பெரும்பாலும் அந்த வறட்சியே காரணம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த உங்கள் பாம்புக்குச் சாதாரண நாட்களில் 40 முதல் 60 விழுக்காடு ஈரப்பதம் போதும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இனமான என் 'பால் பைத்தான்' (ball python) மலைப்பாம்புக்கோ உரிக்கும் சமயத்தில் 70 வரை வேண்டியிருக்கிறது. அதற்காகப் பெட்டி முழுவதும் தண்ணீர் தெளித்து நனைத்துவிடாதே. எப்போதும் ஈரத்தில் கிடந்தால் வயிற்றுச் செதில்கள் புண்ணாகி அழுகும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் பக்கத்தில் பாம்பு தாராளமாக நுழையும்படி துளை போட்டு, அதன் விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடு. உள்ளே ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஸ்பாக்னம் பாசியை நனைத்து, சொட்டாதபடி நன்றாகப் பிழிந்து நிரப்பி, பெட்டியின் வெதுவெதுப்பான பக்கத்தில் வை. பூஞ்சை பிடிக்குமுன் பாசியை மாற்றிவிடு. உடல் முழுவதும் அமிழும் அளவுக்கு ஒரு தண்ணீர்ப் பாத்திரமும் இருக்கட்டும். (என் அம்மா இன்னமும் தொலைபேசியில் "பால் வைத்தாயா?" என்றுதான் கேட்கிறார், அவரிடம் வாதாடுவதை விட்டுவிட்டேன்.)

இவ்வளவு செய்தும் தோல் ஒட்டிக்கொண்டிருந்தால், காற்றோட்டமுள்ள டப்பாவில் அதன் உடல் உயரத்தைத் தாண்டாத அளவு, ஏறக்குறைய 28 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் 20 நிமிடம் விட்டு, பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள். பிறகு ஈரத் துவாலையை மடித்து, அதன் மடிப்புகளுக்கிடையே ஊர்ந்துபோகவிட்டால், மிச்சத் தோல் தானாகவே உரசி வந்துவிடும். வால் நுனியை மட்டும் கட்டாயம் பார்க்க வேண்டும். அங்கே வளையமாகத் தங்கும் தோல் இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுத்தால் நுனியே பட்டுப்போகும். கண்ணில் தங்கிய செதிலை எக்காரணம் கொண்டும் இடுக்கியால் பிடுங்காதே. அடியிலுள்ள புதிய செதில் கிழிந்தால் கண்ணே போய்விடும். அடுத்த முறை உரிக்கும்போதும் அது வராவிட்டால், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே சரி. ஈரப்பதம் சரியாக இருந்தும் ஒவ்வொரு முறையும் துண்டாகவே உரிந்தால், செதில்களுக்கிடையே உண்ணி இருக்கிறதா என்பதையும் அவரிடம் கேள்.

உரித்துப் போட்ட சட்டையை உடனே தூக்கி எறியாமல், தலைப்பக்கத்தை வெளிச்சத்தில் விரித்துப் பார். இரண்டு கண் செதில்களும் சின்னஞ்சிறு குமிழ்களாக அதில் இருந்து, வால் நுனியும் முழுமையாக வந்திருந்தால் கவலையில்லை. ஓரிரு நாள் கழித்து மகள் இரை கொடுக்கலாம். என்ன ஆயிற்று என்று எழுது.

அன்புடன்,
இரகு