வழியில் நிற்கிற பிக்கப்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்ததில் சந்தோஷம், மகளுக்கு வேலை கிடைத்ததில் அதைவிடச் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். எனக்குத்தான் கண்ணாடி பவர் ஏறிக்கொண்டே போகிறது, ஒயர் சிவப்பா பழுப்பா என்று பார்க்கக்கூட டார்ச் வேண்டியிருக்கிறது. சரி, உன் கடிதத்தில் முக்கால்வாசி அந்தப் பழைய பிக்கப் வண்டிப் புராணம்தான், நானும் அதற்கே வருகிறேன்.

பெட்ரோல் பம்ப் மாற்றியாயிற்று, பிளக், பிளக் ஒயர் மாற்றியாயிற்று, பேட்டரியும் புதுசு. அப்படியும் ஒரு நாள் சாவியைத் தொட்டதும் கிளம்புகிறது, ஒரு நாள் நடுரோட்டில் நின்றுவிட்டு அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது, மெக்கானிக்கிடம் விட்டால் அங்கே சமர்த்தாக இருக்கிறது என்கிறாய். மெக்கானிக் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஓடுகிற வண்டியில் எதைச் சோதித்தாலும் நன்றாக இருப்பதாகத்தான் காட்டும். நின்றதற்கும் மறுபடி கிளம்பியதற்கும் நடுவே இருக்கிறதே, அந்தக் கொஞ்ச நேரம்தான் கோளாறு வெளியில் தெரிகிற நேரம். அந்த நேரத்தில் நீ சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கிளம்பினால் போதும் என்று வீட்டுக்கு வந்துவிடுகிறாய். அதனால் இனி எந்தப் பார்ட்ஸும் வாங்காதே. வண்டியில் வோல்ட்டும் ஓமும் அளக்கிற ஒரு மல்டிமீட்டர், ஒயரில் கரண்ட் வந்தால் எரிகிற ஒரு டெஸ்ட் லைட், பிளக் கரண்ட் பார்க்கிற டெஸ்டர் ஒன்று, ஒரு சின்ன நோட்டு, இவ்வளவும் போட்டு வை.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல். ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று எழுதியிருக்கிறாயே, செல்ஃப் சுற்றுகிறதா இல்லையா? இரண்டும் வேறு வேறு வியாதி. செல்ஃபே சுற்றாமல் ‘டிக்’ என்று ஒரு சத்தத்தோடு நின்றால் பெட்ரோல் பக்கம் போகவே வேண்டாம். ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டவேண்டும், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. பேட்டரி புதுசு என்பதால் ஒயரும் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதே. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முளையில் வை (கிளாம்ப்பில் இல்லை, முளையிலேயே), இன்னொன்றை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான இரும்பில் வை, யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல். அப்போது மீட்டர் 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. வெளியே பளபளப்பாக இருக்கிற கிளாம்ப்புக்கு உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கும், எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கும் பாடிக்கும் போகிற எர்த் பட்டை பாதி இற்றிருக்கும். பழைய வண்டிகளில் நான் அதிகமாகச் சந்தேகப்படுவது இந்த எர்த்தைத்தான், ஏனென்றால் இது ஒன்றே ஸ்டார்ட் ஆகாமலும் செய்யும், ஓடும்போது நிற்கவும் செய்யும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின்தான் பிடிக்கவில்லை என்றால் பிளக்குக்குக் கரண்ட் இல்லை அல்லது பெட்ரோல் இல்லை. எது என்று கண்டுபிடிக்க வண்டி நிற்கிற அந்தக் கணத்தில் எஞ்சின் சுற்று வேகம் காட்டுகிற ஆர்பிஎம் முள்ளைப் பார். பழைய வண்டிகளில் பெரும்பாலும் அந்த முள், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற இக்னிஷன் காயிலிலிருந்து வருகிற சிக்னலில்தான் ஆடுகிறது. வண்டி இன்னும் கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே, அதாவது எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, முள் பட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் இக்னிஷன் போய்விட்டது என்று அர்த்தம். எஞ்சின் சுற்றுவதை உணர்ந்து சொல்கிற கிராங்க் சென்சாரோ, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே அதே வேலையைச் செய்கிற பிக்கப் காயிலோ (பெயர்தான் உன் வண்டியுடையது), காயிலை இயக்குகிற இக்னிஷன் மாட்யூலோ கெட்டிருக்கும். அப்படியில்லாமல் இழுவை குறைந்து, குதித்துக் குதித்து, முள் எஞ்சினோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் பெட்ரோல். ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் எரியாமல் டேஷ்போர்டே இருண்டுவிட்டால் இரண்டும் இல்லை, இக்னிஷன் சுவிட்ச் அல்லது அதற்கு வருகிற மெயின் ஒயர். உன் சாவிக்கொத்தில் வீடு, கடை, பீரோ எல்லாம் தொங்குமே, அதைக் கழற்றிவிட்டு ஒற்றைச் சாவியில் ஓட்டிப் பார். அந்தக் கனத்திலேயே தேய்ந்துபோகிற சுவிட்சுகள் உண்டு.

ஒன்று, முள்ளைப் பார்க்கிறேன் என்று ரோட்டை விட்டுவிடாதே. எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்குக்கு உதவுகிற பூஸ்டரில் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வேக்கம் (எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற இழுப்பு) இருக்கும், அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டு, மற்றதெல்லாம் பிறகு.

ஓரம் கட்டியதும் சாவியை ஆன் மட்டும் செய்து காதைக் கொடு. இஞ்ஜெக்‌ஷன் வண்டி என்பதால் டேங்கில் பம்ப் இரண்டு விநாடி ‘உம்ம்’ என்று முனக வேண்டும். முனகவில்லையா, ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே நம்பராக இருந்தால் மாற்றிப் போட்டுப் பார், பணம் செலவில்லாத சோதனை இதுதான். ரிலே உள்ளே ஈயம் விரிசல் விட்டிருந்தால் சூட்டில் விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். பம்ப் புதுசுதான், ஆனால் அதற்குப் போகிற ஒயரும் எர்த்தும் பழசுதானே, பம்ப் ஒயரின் கனெக்டரில் 12 வோல்ட் உண்மையில் வருகிறதா என்று டெஸ்ட் லைட்டை வைத்துப் பார். முனகினாலும் போதாது, பெட்ரோலுக்குப் பிரஷர் வேண்டும். இப்படி ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாகப் பெட்ரோல் தெளிக்கிற மல்டிபாயிண்ட் வண்டிகளில் சாதாரணமாக 35லிருந்து 45 பிஎஸ்ஐ இருக்கும், உன் வண்டிக்கான எண்ணைக் கையேட்டில் பார்த்துக்கொள். அப்புறம் டேங்க் மூடியைத் திற. ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுத்துக்கொண்டு, அதன் பிறகு வண்டி கிளம்பினால் மூடியின் காற்றுத் துளையோ வென்ட் டியூபோ அடைத்திருக்கிறது. கார்பரேட்டரிலோ த்ராட்டிலிலோ ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பவர்களைப் பார்த்திருப்பாய், எனக்கு அதில் மரியாதை கிடையாது. சூடான எஞ்சின் மேல் நெருப்பைக் கூப்பிடுகிற வேலை.

என் வண்டி உன்னுடையதைவிடப் பழசு, எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரும் கார்பரேட்டரும். போன வெயில் காலத்தில் இதே கூத்து. நின்றதும் டெஸ்டரை மாட்டினேன், கரண்ட் இல்லை. காயிலுக்கு 12 வோல்ட் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி பிக்கப் காயிலின் இரண்டு ஒயரில் மீட்டரை வைத்து, ஒயரை மெல்ல ஆட்டினேன், ஓம் எண் வந்து வந்து போனது. கரண்ட் பாயும் நேரத்தை முன்பின் நகர்த்துகிற வேக்கம் அட்வான்ஸ் தட்டு முன்னும் பின்னும் அசைய அசைய, மேலே ரப்பர் முழுசாக இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கிறது! கண்ணால் பார்த்திருந்தால் ஆயுசுக்கும் தெரிந்திருக்காது. உன் வண்டியில் இதற்குச் சமமானது கிராங்க் சென்சாரும் அதன் ஒயரும். ஆறின பிறகு ஓம் பார்த்துப் பயனில்லை, நின்ற சூட்டிலேயே பார். வீட்டிலேயே நிற்க வைக்க முடியுமா என்று பார்க்க ஹேர் டிரையரால் சென்சாரையோ மாட்யூலையோ சூடாக்கலாம், ஓடுகிற எஞ்சினில் ஒயர்க் கட்டுகளை ஒவ்வொன்றாக அசைக்கலாம். விசிறியிடமிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொள். மாட்யூலைக் கழற்றினால் அடியில் வெப்பத்தைக் கடத்துகிற பசை தடவாமல் மாட்டாதே, பசை காய்ந்து போனதே நிறைய மாட்யூல்களைக் கொன்றிருக்கிறது.

சிக்னலில் காலை எடுத்ததும் நிற்பது மட்டும் வேறு கணக்கு. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துப் பிடித்தால் ஓடுகிறது என்றால் காலை எடுத்ததும் காற்று விடுகிற ஐடில் வால்வில் கரி, அல்லது வேக்கம் டியூப் கிழிசல், அல்லது புகையைக் கொஞ்சம் திரும்ப எஞ்சினுக்கே அனுப்புகிற ஈஜிஆர் வால்வு மூடாமல் சிக்கியிருக்கிறது. வால்வுகளைச் சுத்தம் செய்து, டியூப் கிழிந்திருந்தால் மாற்றிப் பார், பெரிய விஷயமில்லை. எஞ்சின் விளக்கு எரியவில்லையே என்று எழுதியிருந்தாய். பழைய வண்டிகளின் கம்ப்யூட்டர் இப்படி வந்து வந்து போகிற கோளாறுகளில் பாதியைக் கவனிப்பதே இல்லை, கம்ப்யூட்டரில் கோளாறு எண் பதிவாகவில்லை என்பதால் கோளாறு இல்லை என்றாகாது. உன் மெக்கானிக் சொன்ன கம்ப்யூட்டர் பாக்ஸை இப்போதைக்குத் தொடவிடாதே.

அடுத்த தடவை நின்றால் முள் எப்படி விழுந்தது, டேஷ்போர்டு விளக்கு எரிந்ததா, பம்ப் முனகியதா, கரண்ட் இருந்ததா, எஞ்சின் எவ்வளவு சூடு, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் என்று அங்கேயே நோட்டில் எழுதி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு. அதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமையே அந்த எர்த் சோதனையை முடித்துவிடு, அதற்கு வண்டி நிற்க வேண்டிய அவசியமில்லை. மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்