பெட்டிக்குள் கிடக்கிற கிளச் சாமான்கள்

ஹம்

அன்பு மகள்,

உன் ஃபோல்க்ஸ்வாகன் பீற்றில் காரையும் சாமான் பெட்டியையும் எடுத்து நீ அனுப்பின படங்கள் எல்லாம் பார்த்தேன். இன்னும் ஒன்றும் ஓடர் பண்ணிப்போடாதே. கிளச் கேபிள் அறுந்தது உண்மைதான், ஆனால் அறுந்த இடத்தைப் பார். முன்பக்கம், கண்ணுக்கு, அதாவது கேபிள் முனையில் உள்ள வளையத்துக்குக் கிட்ட, ஒவ்வொரு இழையாகத் தேய்ந்து தேய்ந்து அறுந்திருக்கு. அங்கே அறுந்தால் குற்றம் கேபிளில் இல்லை, அதைப் பிடிக்கிற கொளுக்கியில். கொளுக்கியைப் பார்க்காமல் புதுக் கேபிள் போட்டாயென்றால், அதுவும் அதே இடத்தில் அறும்.

முதலில் எந்த வருசத்துக் காருக்குச் சாமான் தேடுறாய் என்று தெரிய வேணும். பின் சீற்றைத் தூக்கினால் நடு டனலின், அதாவது காரின் தரையில் நடுவால் ஓடுற மேட்டின் மேல் இலக்கம் அடித்திருக்கும். உன்னுடையது 118இல் தொடங்குது. முதல் இரண்டு இலக்கம் வண்டியின் வகை, மூன்றாவது இலக்கம் மாடல் வருசம், அதாவது 1968. ஃபோல்க்ஸ்வாகனுக்கு மாடல் வருசம் அதுக்கு முந்தின வருசத்து ஓகஸ்டிலேயே தொடங்கிவிடும். அதனால் பத்திரத்தில் 1967 என்று இருந்தாலும் குழம்பாதே, 1968 மாடல் சாமானைத்தான் கேட்க வேணும்.

ஆனால் அந்த இலக்கம் சட்டத்தின், அதாவது சேஸியின் இலக்கம் மட்டும்தான். ஐம்பது வருசத்துக்கு மேல் ஓடின பீற்றிலில் எஞ்சினும் கியர்பொக்ஸும் பிறந்தபோது இருந்தவையாக இருக்கும் என்று நம்பக் கூடாது. பெடல், கேபிள், டனலுக்குள் ஓடுற குழாய் எல்லாம் சட்டத்துக்குச் சொந்தம், அவற்றை 118ஐ வைத்துத் தேடலாம். பின்னால் கேபிள் இழுக்கிற கிளச் லீவரில் இருந்து உள்ளுக்குள் இருக்கிறதெல்லாம் கியர்பொக்ஸுக்குச் சொந்தம். அதுக்கு வருசத்தைக் கேட்காதே, கழற்றி அளந்து பார்.

இனி உன் பெட்டி. உறையோடு கிடக்கிற புதுக் கேபிளின் இலக்கம் 211இல் தொடங்குது. அது ட்ரான்ஸ்போர்ட்டர் வானின் கேபிள், உன் காருக்கு நீளம் கூட. விற்றவர் அறியாமல்தான் போட்டிருப்பார், இருந்தாலும் அதைத் திருப்பிக் கொடு. பழைய ஒறிஜினல் இலக்கத்தில் முதல் மூன்று வண்டியைச் சொல்லும்: 1இல் தொடங்கினால் பீற்றில், 2 வான், 3 என்றால் 1500, 1600 பெரிய கார்கள். நடு மூன்று எந்தப் பகுதி என்று சொல்லும்: 721 பெடல் பகுதி, 141 கிளச். கடையில் குப்லுங்ஸ்ஸைல், கிளச் கேபிள், என்று மட்டும் கேட்டால் எதையாவது எடுத்துத் தருவார்கள். 111 721 என்று தொடங்குற இலக்கத்தையும், இடக்கைச் ஸ்டியரிங், 1968 மாடல் என்பதையும் சேர்த்துச் சொல்.

வளைந்த விரல் மாதிரி முனையுள்ள கம்பிதான் பெடல் ஷாஃப்ட். அந்த விரல்தான் நான் சொன்ன கொளுக்கி. கேபிளின் கண் அதில்தான் மாட்டும். வளைவின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார், நகம் இறங்குற பள்ளம் இருந்தால் அது குப்பைக்கு. பள்ளத்தின் விளிம்பு கத்தி மாதிரி நின்று கண்ணை அரிக்கும். சிலர் பள்ளத்தை வெல்டிங்கால் நிரப்பி அரத்தால் ராவி எடுப்பார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை, புது ஷாஃப்ட் பெரிய விலை இல்லை. கிளச் பெடல் அந்த ஷாஃப்டில் றோல் பின் என்ற ஒரு ஆணியால் இறுகி நிற்கும். கொளுக்கியை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு பெடலை ஆட்டு. பெடல் மட்டும் ஆடினால் அந்த ஆணியின் துவாரம் பெருத்துப்போச்சு. அந்த ஆட்டத்தைக் கேபிள் ஆட்டம் என்று நினைத்துத்தான் ஆட்கள் பின்னால் நட்டை இறுக்கிக்கொண்டே போவார்கள்.

அடுத்தது ஒருவரும் பார்க்காத இடம். கேபிள் டனலுக்குள் ஒரு இரும்புக் குழாய்க்குள்ளால் ஓடுது. அந்தக் குழாயை உள்ளே வெல்ட் பண்ணிப் பிடித்திருக்கிறார்கள், அந்த வெல்ட் விடும். விட்டால் பெடலை மிதிக்கும்போது கேபிள் இழுபட, குழாயும் சேர்ந்து முன்னுக்கு நகரும். கிளச் முழுதாக விலகாது, கியர் போடக் கரகரக்கும், றிவேர்ஸில் இன்னும் மோசம். எத்தனை தரம் சரிப்படுத்தினாலும் அடுத்த கிழமை பழையபடி. இப்போது கேபிள் இல்லாததால் சோதிக்க லேசு: இடப்பக்கப் பின் சில்லைக் கழற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, சட்டத்தில் குழாய் வெளியே வாற முனையைக் குறட்டால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளு. மயிரளவும் அசையக் கூடாது.

அசைந்தால் டனலில் ஜன்னல் வெட்டி வெல்ட் பண்ண வேணும். அதை நீ செய்யாதே. பெற்றோல் குழாயும் அதே டனலுக்குள்தான் ஓடுது. டாங்கை இறக்கி, பைப்பை வெறுமையாக்காமல் அங்கே தீப்பொறி படக் கூடாது. சட்டத்தில் கை வைக்கிறதால் முதலே வாகனம் பரிசோதிக்கிற ட்யூவ்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டு வை.

பெட்டியில் கிடக்கிற வளையக்கூடிய கறுப்புக் குழாய் பௌடன் குழாய். சட்டத்துக் குழாயின் பின் முனைக்கும் கியர்பொக்ஸ் பிறாக்கெற்றுக்கும் நடுவில் பூட்டுறது. பூட்டினபின் அது தொய்ந்து நிற்க வேணும், நேர்கோட்டில் இருந்து 25 முதல் 45 மில்லிமீற்றர் வரை. சும்மா வளைவு இல்லை இது. எஞ்சினும் கியர்பொக்ஸும் றப்பரில் ஆடுறதை அந்தத் தொய்வுதான் விழுங்கும். தொய்வு குறைந்தால் கிளச் விடும்போது கார் துள்ளும், ஆட்கள் கிளச் தட்டைப் பழி சொல்லி எஞ்சினை இறக்குவார்கள். கூடினால் கேபிள் இறுக்கமாக ஓடித் தேயும். பிறாக்கெற்றுக்கும் குழாய் முனைக்கும் நடுவில் வாசர் சேர்த்தால் தொய்வு கூடும், எடுத்தால் குறையும்.

இரண்டு காதுள்ள நட்தான் கேபிள் முனைக்கு, ஃபிளூகல்முட்டர் என்று கேள். அது எம் 7. சாதாரண எம் 8 நட் மாட்டினால் போறமாதிரித் தெரியும், இறுக்கினால் வழுக்கும். காதுகளுக்கு அடியில் உள்ள புடைப்பு லீவரின் பள்ளத்தில் உட்கார வேணும், இல்லாட்டி அதிர்வில் கழன்று போகும். பெடலில் வெறும் ஆட்டம் 10 முதல் 20 மில்லிமீற்றர் இருக்கும்படி விடு. ஆட்டமே இல்லாவிட்டால் கிளச்சை விலக்குற பெயரிங் எப்போதும் பிறெஷர் பிளேற்றை, அதாவது கிளச் தட்டை அமுக்கிப் பிடிக்கிற பிளேற்றைத் தொட்டுக்கொண்டு சூடேறிச் சாகும், கிளச்சும் வழுக்கும்.

பெயரிங் இரண்டு கிடக்கு, இரண்டும் ஒன்றில்லை. இரு பக்கமும் கம்பிக் கிளிப் போடுறது பழையது, நடுவில் வளையமுள்ள பிறெஷர் பிளேற்றோடு போகும். வழிகாட்டிக் குழலின் மேல் சறுக்குறது 1971 மாடலில் இருந்து வந்தது, அதுக்கு நடு வளையமில்லாத பிளேற் வேணும். கலந்து போடக் கூடாது. கியர்பொக்ஸின் முகத்தில், உள் ஷாஃப்டைச் சுற்றி அந்தக் குழல் பூட்டியிருக்கா என்று பார்த்தால் எது உன்னுடையது என்று தெரியும். அதைப் பார்க்க எஞ்சினை இறக்க வேணும். பெயரிங் கத்தாவிட்டால், கிளச் வழுக்காவிட்டால் இப்போதைக்கு அதைத் தொடாதே. லீவர் திருப்புற குறுக்கு ஷாஃப்டிலும் இரண்டு தடிப்பு உண்டு, 16, 20 மில்லிமீற்றர். புஷ் வாங்கமுதல் வேர்ணியர் வைத்து அள.

கேபிளுக்கு முழு நீளமும் கிறீஸ் பூசித் தள்ளு. கண்ணைக் கொளுக்கியில் மாட்டினபின் பெடல் நிமிர்ந்தே நிற்க வேணும். ஒருவர் பின்னால் கேபிளை இழுத்துப் பிடிக்கட்டும். பெடல் பொத்தென்று தரையில் விழுந்தால் கண் கழன்றுவிட்டது, திரும்ப எல்லாம் கழற்ற வேண்டியதுதான். பெடல் பகுதியை அசைத்ததால் பிறேக் தள்ளுகம்பிக்கும் மாஸ்ரர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் நடுவில் 1 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கா என்று கட்டாயம் பார். இடைவெளி இல்லாவிட்டால் பிறேக் பிடித்தபடியே ஓடும்.

சனிக்கிழமை இந்த மூன்றையும் எடுத்து அனுப்பு: கொளுக்கியின் உள்வளைவு, சட்டத்தில் குழாய் வெளியே வாற இடம், லீவரின் நட் உட்காருற பள்ளம். பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து எடு. பார்த்துப்போட்டு எதை வாங்குறது என்று சொல்லுறேன். காரை ஜாக்கில் மட்டும் நிறுத்திக்கொண்டு கீழே போகாதே.

அப்பா