எழுத்தெல்லாம் அவ்ளோதான்னு சொன்ன தங்கச்சிக்கு

அன்பு தங்கச்சிக்கு,

நேத்து ராத்திரி நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ மூணு தடவ கேட்டேன். பின்னாடி பாப்பா அழுகுது, நடுவுல நீ "இனிமே எழுத்தெல்லாம் அவ்ளோதான்க்கா"ன்னு சொல்ற. போன்லயே பேசலாம்னா சின்னவன் போன விட மாட்டேங்குறான், அதான் இங்க எழுதுறேன், உன்ன மாதிரி வேற யாராச்சும் இருந்தா அவங்களும் படிக்கட்டும்.

காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு எழுதுன்னு உனக்கும் சொல்லியிருப்பாங்க. பெரியவன் கைக்குழந்தையா இருக்கும்போது நானும் அத பண்ணி பாத்தேன். கொடைக்கானல்ல டிசம்பர் மாசம் நாலு மணிக்கு வெரல் மடங்காது, அது கூட பரவால்ல, கம்பளிக்குள்ள அம்மா சூடு இல்லன்னு தெரிஞ்சதும் அஞ்சே நிமிஷத்துல பிள்ள முழிச்சுக்கும், அப்புறம் எழுத்தும் கெடையாது தூக்கமும் கெடையாது, அன்னைக்கு பூரா எல்லார் மேலயும் எரிஞ்சு விழுந்துட்டு இருப்பேன். நீ அத கேக்காத. மூணு மாசம் தான ஆகுது, பச்ச உடம்பு, பாப்பா தூங்கும்போது நீயும் தூங்கு.

நான் எழுதுனதெல்லாம் வேல நடுவுல தான். ஐப்பசி மழைல இங்க துணி காயவே காயாது, கரி நெருப்புக்கு மேல கூடைய கவுத்து பிள்ள துணிய ஒவ்வொண்ணா போட்டு திருப்பிட்டே இருக்கணும். பக்கத்துல ஒரு நோட்டு இருக்கும். தேதி போட்டு ரெண்டு வரி, சில நாள் ஒரு வார்த்த. அதுக்கப்புறம் பதினஞ்சு நாள் ஒண்ணுமே இருக்காது. அந்த வெத்துப் பக்கத்த பாத்தா அழுகையா வரும் எனக்கு.

போன மாசம் பெரியவன இங்க இருக்குற, சூரியன ஆராயுற அப்சர்வேட்டரிக்கு கூட்டிட்டு போனேன். 1899ல ஆரம்பிச்ச எடம், 1904ல இருந்து சூரியன தினமும் படம் எடுத்து வைக்கிறாங்க, சூரியன் மேல கருப்பா தெரியுற சூரியப் புள்ளில வாயு வெளிப்பக்கமா ஓடுதுன்னு எவர்ஷெட்ங்கிற வானியல் விஞ்ஞானி 1909ல கண்டுபிடிச்சதும் இங்க வச்சு தான். இவன் கேட்டான், "மேகமா இருந்தா என்னம்மா பண்ணுவாங்க?" மேகமா இருந்தா அன்னைக்கு படம் இல்லடா, வெயில் வந்தா எடுப்பாங்கன்னு சொன்னேன். நம்ம ஊரு மேகம் உனக்கு தெரியாதா, எத்தன நாள் விட்டுப் போயிருக்கும்! அப்படி விட்டு விட்டு எடுத்த படத்துல தான் புள்ளி கூடி கொறையுற அந்த 11 வருஷ கணக்கு வரிசையா தெரியுது. வீட்டுக்கு வந்ததும் பழைய நோட்ட எடுத்து முழுசா படிச்சேன். பெரியவன் மொத மொத பனிய பாத்து "பால்"னு சொன்னது அதுல இருக்கு. நான் சுத்தமா மறந்துட்டேன் அத.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும். பெரியவன் ஏழு வயசு வரைக்கும் படுக்கைல ஒண்ணுக்கு போனத நான் ஒரு பதிவுல எழுதிட்டேன். அவன் கூட படிக்கிற பையனோட அம்மா படிச்சு, அது வகுப்பு வரைக்கும் போயிருச்சு. பிள்ள ரெண்டு நாள் என்கிட்ட பேசல. நெறைய பேர் பாராட்டுன பதிவு தான், எடுத்துட்டேன். இப்போ அவனப் பத்தி எழுதுனா மொதல்ல அவன்கிட்ட படிச்சு காட்டுவேன், வேணாம்னா வேணாம். உன் தூக்கம் கெட்டது, உன் பயம், உன் கோபம் எல்லாம் எழுது, அது உன்னோடது. பாப்பாவோடத அவ வளந்து சொல்லட்டும்.

மாப்பிள்ளைகிட்ட வாயத் தொறந்து கேளு. அவரா புரிஞ்சுக்குவாருன்னு நான் ரெண்டு வருஷம் காத்திருந்தது தான் பெரிய தப்பு. இப்போ ஞாயித்துக்கிழம உங்க மாமா ரெண்டு பேரையும் சந்தைக்கு கூட்டிட்டு போயிருவாரு, எனக்கு ரெண்டு மணி நேரம் கெடைக்கும். பாத்திரம் அப்படியே கெடக்கும். கெடக்கட்டும்.

மே மாசம் வராத, ரோடு முழுக்க வண்டியா இருக்கும், பிள்ளைய வச்சுக்கிட்டு கஷ்டம். ஜூலைல வா, மலைக்கு வண்டி வர்றதுக்கு இ-பாஸ் எடுக்க மறந்துராத. பாப்பாவ நான் பாத்துக்கிறேன். நோட்ட கொண்டு வா, ஒரு வரி தான் இருந்தாலும்.

அக்கா