ஹைடனுக்கு ஒரே ஒரு வரியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சிம்பொனி, அதாவது பெரிய வாத்தியக் குழுவுக்கான மேற்கத்திய இசை, பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மொசார்ட்டுக்கு ஒரு பக்கம், பீத்தோவனுக்கு இரண்டு பக்கம், ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஜோசப் ஹைடனுக்கு மட்டும் 'பீத்தோவனின் ஆசிரியர்' என்று ஒரே ஒரு வரி. கொஞ்சம் கோபமே வந்தது.

1792 கடைசியில் வியன்னாவில் பீத்தோவன் ஹைடனிடம் பாடம் தொடங்கியது உண்மைதான். அந்தப் பாடங்களில் சிஷ்யருக்குப் பெரிய திருப்தி இல்லை என்பதும் தெரிந்த கதை. ஆனால் நாலைந்து சுரம் கொண்ட ஒரு துணுக்கை எடுத்து, திருப்பி, உடைத்து, ஒரு வாத்தியத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாற்றி, அதை வைத்தே ஒரு பகுதி முழுவதையும் கட்டிவிடுகிற அந்தத் தொழில் ஹைடனுடையது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனித் தொடக்கத்தில் 'டடட டாம்' என்று இடிப்பதும் அதே தொழில்தான். மொசார்ட் மட்டும் என்ன? நாலு தந்தி வாத்தியங்களுக்கான 'குவார்ட்டெட்' ஆறை 1785இல் அச்சிட்டு, 'நீண்ட, கடினமான உழைப்பின் பலன்' என்று எழுதி ஹைடனுக்கே சமர்ப்பித்தார்.

அப்புறம் அவருடைய குறும்பு. 1781இல் எழுதிய 33ஆம் தொகுப்பின் இரண்டாம் குவார்ட்டெட்டை முதல்முறை கேட்டபோது, கடைசியில் மெட்டு துண்டு துண்டாகி, நடுநடுவே மௌனம் வந்து, சரி முடிந்தது என்று ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டேன். வைத்த இடத்திலிருந்து மெல்லிசாக அதே மெட்டின் முதல் அடி மறுபடி ஒலித்தது! அதோடு நிஜமாகவே முடிந்துவிட்டது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன மனிதர் என்னை ஏமாற்றிவிட்டார்.

உங்கள் வாசகர்களுக்கு அவரைத் தெரியாது என்று நினைத்து விட்டுவிட்டீர்களோ என்னவோ. உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜெர்மனி அணி வரிசையாக நின்று பாடுகிற தேசிய கீதத்தின் மெட்டு ஹைடனுடையது. லண்டன் போயிருந்தபோது அங்கே பாடப்பட்ட 'காட் சேவ் த கிங்' என்ற ராஜ வாழ்த்துப் பாட்டு அவர் மனதில் தைத்தது. ஊர் திரும்பி, 1797இல் சக்கரவர்த்தி இரண்டாம் பிரான்சிஸுக்காக இந்த மெட்டைப் போட்டார். (அதே ஆங்கில மெட்டில்தான் நம் முத்துசுவாமி தீட்சிதரும் 'சந்ததம் பாஹிமாம்' செய்தார்.)

104 எண்ணிட்ட சிம்பொனிகள் எழுதியவருக்கு அடுத்த இதழில் இரண்டு பக்கமாவது கொடுங்கள். பீத்தோவன் பெயரைச் சொல்லாமல் தொடங்கினால் இன்னும் சந்தோஷம்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர், திருச்சி