ஃபிஷிங் ஹோல் கரைக்கு மின்கம்பம் வேண்டாம்: ஹோமர் நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

அலாஸ்காவின் ஹோமர் நகர மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். கடலுக்குள் நீளும் உங்கள் ஸ்பிட்டில், ஃபிஷிங் ஹோல் என்ற மீன்பிடிக் குட்டையை ஒட்டி நகரம் நடத்தும் கேம்ப்கிரவுண்டில் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளுக்கு மின் இணைப்பு இல்லை, தண்ணீர் இணைப்பு இல்லை, கழிவுநீர் இணைப்பும் இல்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். வசதி செய்து தாருங்கள் என்று வருகிறவர்களைத்தான் நீங்கள் அதிகம் பார்த்திருப்பீர்கள். வேண்டாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறோம்.

தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கரேஜில் இருக்கும் எங்கள் ஆட்கள் சிலர் கோடையில் ஆர்.வி. எடுத்துக்கொண்டு ஸ்டெர்லிங் நெடுஞ்சாலை முடியும் இடம் வரை வருகிறோம். லோயர் 48 என்று நாங்கள் சொல்லும், கனடாவுக்குத் தெற்கே உள்ள அமெரிக்க மாநிலங்களிலிருந்து வரும் சொந்தக்காரர்களையும் கூட்டி வருகிறோம். வண்டியை நிறுத்தியதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கரண்ட் எங்கே சொருகுவது?" அவர்களும் இதைப் படிக்கட்டும். உங்களுக்கு ஆங்கிலப் பிரதி தனியாக வரும்.

அவர்களுக்காக இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ஹோமர் ஸ்பிட் என்பது கச்சமாக் விரிகுடாவுக்குள் நாலரை மைல் நீளத்துக்கு ஓடும் ஒரு ஒடுங்கிய கூழாங்கல் திட்டு. இரண்டு பக்கமும் கடல், எதிர்க்கரையில் பனிமலை. அதில் வெட்டப்பட்ட குட்டைதான் ஃபிஷிங் ஹோல். வரைபடத்தில் நிக் டூடியாக் ஃபிஷிங் லகூன் என்று இருக்கும். இங்கே ஆறு கிடையாது, ஓடை கிடையாது. ஆனாலும் சால்மன் வருகிறது. பண்ணையில் வளர்ந்த குஞ்சுகளை மாநில மீன்வளத் துறை இங்கே கொண்டுவந்து, வலைக்கூண்டில் சில நாள் வைத்திருந்து, பிறகு திறந்துவிடுகிறது. அந்தச் சில நாளில் குட்டையின் தண்ணீர் அவற்றின் நினைவில் பதிந்துவிடுகிறது. கடலில் வளர்ந்து, முட்டையிடும் பருவம் வந்ததும் வீடு என்று நம்பி இந்தக் குட்டைக்கே திரும்புகின்றன. முட்டையிடத்தான் இடமில்லை. ஆக, வருகிற மீன் அத்தனையும் பிடிப்பதற்காகவே வருகிறது. பிடிக்கிறவனுக்கு மனசாட்சி உறுத்தாத சால்மன் இதுதான் என்பேன்.

கிங் சால்மன் மே நடுவிலிருந்து ஜூலைத் தொடக்கம் வரை. அப்புறம் கோஹோ என்ற இன்னொரு சால்மன் வகை. இரண்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான்: ஓதம். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 20 அடிக்கு மேல் வித்தியாசம் வரும் கடல் இது. தண்ணீர் ஏறி வாய்க்கால் வழியே குட்டைக்குள் பாயும்போது மீனும் கூடவே நுழையும். அது விடியற்காலை மூன்று மணியாக இருந்தால் நாமும் மூன்று மணிக்கு எழுந்து, தூண்டிலில் தக்கையும் இரையாக மீன் சினையும் மாட்டிக்கொண்டு கரையில் நிற்க வேண்டியதுதான். படுக்கையிலிருந்து தண்ணீருக்கு நடக்கிற தூரத்தில் வண்டி நிற்பதன் அருமை அந்த நேரத்தில்தான் தெரியும்.

அந்த இடத்துக்கு மின்கம்பம் வந்தால் யார் நிற்பார்கள்? நான் பயப்படுவது இதற்குத்தான். இப்போது தண்ணீர்த் தொட்டி காலியாகும், கழிவுத் தொட்டி நிறையும், பேட்டரி இறங்கும். இரண்டு மூன்று இரவில் வண்டி தானாக நகர்ந்துவிடும். அடுத்த ஓதத்துக்கு வேறொருவர் வருவார். இணைப்பு கொடுத்தால் வாடகை ஏறும். ஏறிய வாடகையைக் கொடுக்கக்கூடியவர்கள் நாற்பதடி வண்டியில் வந்து, டிவி போட்டுக்கொண்டு, தூண்டிலே தொடாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, நல்ல காட்சிதானே. ஆனால் அவர்களுக்குத் தனியார் ஆர்.வி. பார்க்குகள் அதே ஸ்பிட்டில் இருக்கின்றன. குறைந்த காசில் மீனுக்காக வருகிறவர்களுக்குத்தான் வேறு போக்கிடம் இல்லை.

இன்னொன்று நிலம். 1964 மார்ச் 27 நிலநடுக்கத்தில் இந்தத் திட்டு 4 முதல் 6 அடி வரை தாழ்ந்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2024 நவம்பர் புயலில் ஸ்பிட் சாலையின் ஓரத்தைக் கடல் தின்றதையும் நேரில் பார்த்தவர்கள் நீங்கள். சாலையைக் காப்பாற்றவே பாறை கொட்ட வேண்டியிருக்கும் இடத்தில், கூழாங்கல்லைத் தோண்டிக் குழாயும் கேபிளும் புதைப்பது வரிப்பணத்தைக் கடலிடம் கொடுப்பது போலத்தான்.

"குளிருமே, என்ன செய்வது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆர்.வி. ஹீட்டர் எரிவது புரொபேனில். ஆனால் அதன் விசிறிக்கு 12 வோல்ட் வேண்டும். பழைய ஈய-அமில பேட்டரி இரவு முழுக்க அதை ஓட்டினால் காலையில் விளக்கு மங்கிவிடும். லித்தியம் பேட்டரியும் கூரையில் இரண்டு சோலார் தகடும் இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் தீரும். ஜூனில் 18 மணி நேரத்துக்கு மேல் பகல் அல்லவா, மேகமூட்டத்திலும் ஏதோ கொஞ்சம் ஏறும். இரவில் மூச்சுக் கருவி வைத்துக்கொள்கிறவர்களின் நிலைமை வேறு. அவர்களுக்கு மின்சாரம் ஆடம்பரம் இல்லை. பிடித்த மீனை உறையவைக்க ஃப்ரீசர் வேண்டுமே என்றால், காசு வாங்கிக்கொண்டு வெட்டி, வாக்யூம் பையில் அடைத்து, உறையவைத்துத் தரும் கடைகள் ஸ்பிட்டிலேயே உண்டு. சமையலுக்கு மின்சாரம் எதற்கு? புளி கரைத்து, புரொபேன் அடுப்பில் கோஹோ குழம்பு வைத்துப் பாருங்கள். (கிங்கைக் குழம்பில் போடாதீர்கள். அந்தக் கொழுப்புக்கு மஞ்சளும் மிளகும் தடவி வறுத்தால் போதும்.)

இணைப்பு இல்லாத இடத்தில் உண்மையான தொல்லை ஜெனரேட்டர்தான். வாடகை வண்டிகளில் வருவது பெரும்பாலும் 4 கிலோவாட் இயந்திரம். ஒருவர் காபி போட அதை ஓட்டினால், இரவு ஓதத்துக்கு நின்றுவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்த பத்துப் பேர் எழுந்துவிடுகிறார்கள். ஆகவே கம்பத்துக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கை வேறு விதமாகச் செலவிடலாம். ஜெனரேட்டருக்குக் காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என்று ஒதுக்கி, பெரிய எழுத்தில் பலகை வையுங்கள். கரையிலிருந்து தள்ளி ஒரு வரிசையை ஜெனரேட்டர் ஓட்டுகிறவர்களுக்கென்று விடுங்கள். மூச்சுக் கருவிக்காரர்களுக்கு அந்த வரிசையில் இரவு அனுமதியும் கொடுக்கலாம். கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் டம்ப் ஸ்டேஷனும் குடிநீர்க் குழாயும் எங்கே என்று நுழைவிலேயே படம் போட்டுக் காட்டுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கூழாங்கல்லில் திறந்துவிட்டால் அபராதம் என்று அதே பலகையில் சேர்த்துவிடுங்கள். எங்கள் ஆட்களிலும் சிலருக்கு அந்தப் பழக்கம் உண்டு, மறைப்பானேன்.

சீசன் கடைசியில், மீன் கடிப்பதை நிறுத்திய பிறகு, தூண்டில் முள்ளை மீனின் உடம்பில் மாட்டி இழுத்துப் பிடிக்க மீன்வளத் துறை அனுமதி தரும் நாட்கள் வரும். அன்றைக்குக் கரையில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். வண்டி நிறுத்த இடம் தேடிச் சாலையோரம் வரை வரிசை நிற்கும். அந்த நாட்களுக்கு மட்டும் ஓர் இரவுக்கு மேல் தங்கக் கூடாது என்று விதி போட்டால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
அங்கரேஜிலிருந்து ஒரு தூண்டில்காரர்