தருமம் அல்ல, உரிமை

ஆசிரியர் அவர்களுக்கு,

தத்தெடுத்தல் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரை, அதைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் செய்யும் தருமம் என்று பாராட்டியிருந்தது. நல்லெண்ணம்தான், சரி. ஆனால் தருமம் வாங்கியவர் ஒருநாளும் வீட்டுக்காரர் ஆவதில்லையே! வேதாகமத்தின் ரோமர் நிருபம் 8ஆம் அதிகாரத்தில் ‘புத்திர சுவிகாரம்’, அதாவது மகனாகத் தத்தெடுக்கப்படுவது, பற்றிப் பேசும் அப்போஸ்தலன் பவுல், இரண்டே வசனம் தள்ளி, ‘நாம் பிள்ளைகளானால் சுதந்தரருமாமே’ என்கிறார். சுதந்தரர் என்றால் வாரிசுகள். அன்றைய ரோமச் சட்டப்படி தத்துப்பிள்ளைக்குக் குடும்பப் பெயரும் உண்டு, சொத்திலும் உரிமை உண்டு. மத்தேயு எழுதிய வம்ச வரலாறும், தான் பெறாத இயேசுவை மகனாக ஏற்ற யோசேப்பு வழியாகத்தான் இயேசுவிடம் வந்து சேர்கிறது. சுவிசேஷங்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாத மனிதர் யோசேப்பு. ஊராருக்கோ இயேசு ‘தச்சன் மகன்’தான்.

எங்கள் மகள் 2 வயதில் எங்களிடம் வந்தவள். அவளுக்கு 7 வயதானபோது, ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவள் தலையைத் தடவி ஒருவர், “இவங்க கிடைச்சது உன் பாக்கியம்மா” என்றார். செருப்பு வாரைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். அன்று இரவு, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிக் கேட்கவே தயங்கினாள். அதுவரை தட்டை நீட்டிக்கொண்டு சண்டை போட்டவள்! குழந்தைகளைச் சபையில் பிரதிஷ்டை செய்யும்போது, அதாவது கடவுளுக்கென்று ஒப்புக்கொடுக்கும்போது, மற்றப் பிள்ளைகளுக்குச் செய்யும் அதே ஜெபத்தைத் தத்துப்பிள்ளைகளுக்கும் போதகர்கள் செய்யட்டும். பெற்றோரின் ‘பெரிய மனசை’ப் பற்றிய உரை வேண்டாம். தங்கள் இதழும் அடுத்த முறை, தத்துப்பிள்ளையாக வளர்ந்து இன்று பெரியவர்களாகிவிட்டவர்களிடம் பேசலாம்.

இப்படிக்கு,
ஒரு தாய்